சாய்ந்து பார்க்க ஒரு நிலக்காட்சி

ஜொகூர் பாரு போய்ச் சேர்ந்ததும் ஜெசிந்தா என்னை நேரே ஒரு சுவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். வெளிர்மஞ்சள் பூசிய நீண்ட சுவர். ஆணி அடித்த தடம்கூட இல்லை. அதற்கு எதிரே வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம். அதிலிருந்து இரண்டு குழாய்கள் நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் கைக்குப் போயின.

ஜெசிந்தா திருச்சியில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. மலேசியாவிலிருந்து படிக்க வந்தவள். இப்போது நன்கொடையில் நடக்கும் ஒரு சிறிய டயாலிசிஸ் மையத்தில் தலைமைத் தாதி, அதாவது ஹெட் நர்ஸ். நான் நிலக்காட்சிகளைப் படமெடுத்துப் பிழைக்கிறவள். ஹோட்டல் வரவேற்பறை, நாட்காட்டி, அலுவலகத் தாழ்வாரம் என்று என் மலைகளும் கடல்களும் பல சுவர்களில் தொங்குகின்றன. "என் சுவருக்கும் மூணு படம் வேணும், இந்த ஊர்லயே எடுத்துக் குடு" என்று அவள் கூப்பிட்டபோது, ஒரு வாரம் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

"இவங்க வாரத்துக்கு மூணு நாள் வர்றாங்க வாணி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் இந்தச் சுவரத்தான் பாக்குறாங்க," என்றாள். "டிவி வச்சோம். ஆளுக்கு ஒரு சேனல் கேட்டு சண்டை வந்துச்சு. எடுத்துட்டேன்."

மாதிரிக்கு என் பழைய படங்கள் மூன்றைக் கொண்டுபோயிருந்தேன். பனி இறங்கும் தேயிலைச் சரிவு, ராமேசுவரத்தில் சூரிய உதயம், கொல்லிமலையின் கொண்டைஊசி வளைவுகள். மூன்றும் பாராட்டு வாங்கியவை. சுவரில் ஒட்டினோம். நாற்காலியில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "பியூட்டிஃபுல் லா மிஸ்," என்றார் புஷ்பம் அக்கா. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார். சேகரன். அறுபதை நெருங்கும் வயது, அகலமான தோள். பல வருடம் லோரி ஓட்டியவர்.

"பாத்து முடிச்சிட்டேன் மிஸ்," என்றார். "இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு. இனி என்ன பண்றது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருப்பதும் உடனே புரிந்தது. ஹோட்டலில் என் படத்தைக் கடந்து போகிறவர் அதற்குக் கொடுப்பது சில விநாடிகள். அந்த விநாடிகளுக்குள் அவரைப் பிடித்து நிறுத்தத்தான் இத்தனை வருடம் பழகியிருக்கிறேன். செக்கச் சிவந்த வானம், நடுவில் ஒற்றை மரம், முடிந்தது கதை. நான்கு மணி நேரம் பார்க்கிறவருக்கு யாரும் என்னைப் படம் எடுக்கச் சொன்னதில்லை.

காலியாக இருந்த ஒரு நாற்காலியில் சாய்ந்து பார்த்தேன். இன்னொரு சங்கதியும் தெரிந்தது. எல்லாரும் செய்வதுபோல நிற்பவரின் கண் உயரத்தில் படங்களை ஒட்டியிருந்தோம். நாற்காலியிலிருந்து அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. தேயிலைச் சரிவு சாய்ந்து என்மேல் விழப்போவதுபோல இருந்தது. நான் நின்று எடுத்த படங்கள் அவை. நின்று பார்க்கிறவருக்குத்தான் அவை சரிப்படும்.

மூன்று மணி நேரம் ஆனதும் சேகரன் தாதியைக் கூப்பிட்டார். கால் இழுத்துப் பிடிக்கிறதாம், போதுமாம். ஜெசிந்தா வந்து கெஞ்சினாள், அதட்டினாள். அவர் கேட்கவில்லை. குழாய்களைக் கழற்றினார்கள். போகிற போக்கில் என்னிடம் வந்து, "நாளைக்கு எனக்கு மெசின் இல்ல. எங்க போணும் சொல்லுங்க, நான் ஓட்டுறேன். ஜொகூர்ல எனக்குத் தெரியாத ரோடு இல்ல," என்றார்.

அவர் போனபிறகு ஜெசிந்தா சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் இதான். ஒரு மணி நேரம் முன்னாலயே எந்திரிச்சிடுறாரு. உடம்புல தண்ணி தங்கிடுது. போன மாசம் நுரையீரல்ல தண்ணி ஏறி ஆஸ்பத்திரில கெடந்தாரு. அடுத்த தடவ எப்படி ஆகும்னு எனக்கே பயமா இருக்கு." வண்டி ஓட்ட டாக்டர் அவரைத் தடுக்கவில்லை. ஊசி குத்தும் இடது கையில் கனம் தூக்கக்கூடாது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை கெலாங் பாத்தா. முதலில் ஒரு கடையில் நிறுத்தினார். எனக்கு ரொட்டி சானாயும் தேத்தாரேயும் சொன்னார். நம் பரோட்டாவின் மெலிந்த தங்கை இந்த ரொட்டி. மொறுமொறுவென்று வந்து, பருப்புக் குழம்பில் விழுந்ததும் குழைந்துவிடுகிறது. தேத்தாரே என்பது ஆற்றி ஆற்றி நுரை ததும்பக் கொடுக்கும் பால் தேநீர். சேகரன் ஒரு கிண்ணத்தில் ஐஸ் கட்டி மட்டும் வாங்கி, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நாள் முழுக்க ரெண்டு கப் தண்ணிதான் கணக்கு," என்றார். "ஐஸ் ஒண்ணு வாய்ல கெடந்தா ரொம்ப நேரம் வரும். நீங்க குடிங்க மிஸ். நான் பாத்துக்கிட்டு இருக்கேன், அதுல ஒண்ணும் இல்ல."

நான் அரை டம்ளரோடு நிறுத்திக்கொண்டேன்.

டவுனைத் தாண்டி ஒரு மீனவக் கம்பத்துக்குப் போனோம். கம்பம் என்றால் இங்கே கிராமம். சதுப்பில் அலையாத்தி மரங்கள், கட்டைகள் நட்டுக் கட்டிய படகுத்துறை, தூரத்தில் சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலம். துறையின் நுனியில் நின்று வைட் லென்ஸில் பார்த்தேன். பாலம் நூல்போல மெலிந்து கிடந்தது. இது தெரிந்த வியாதிதான். பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கித் தூரத்தில் இருப்பதைத் தள்ளிவிடும் அந்த லென்ஸ். லென்ஸை மாற்றிக்கொண்டு கரையோரமாக வெகுதூரம் பின்னால் நடந்தேன். அங்கிருந்து நீள லென்ஸில் பார்த்தபோது படகுகளுக்குப் பின்னாலேயே பாலம் ஓங்கி எழுந்து நின்றது. இடம் மாறினால் அளவுகள் மாறும். நின்ற இடத்திலிருந்தே லென்ஸைத் திருகுகிறவர்களுக்கு இது கிடைக்காது. எனக்கு ஒரே திருப்தி.

கேமராவின் பின்திரையைச் சேகரன் எட்டிப் பார்த்தார். "செம்மையா இருக்கு மிஸ்," என்றார்.

சாயங்காலம் ஜெசிந்தாவின் வீட்டு மடிக்கணினியில் அதையே பெரிதாக்கிவைத்து, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். படகு, அதன்மேல் பாலம், அதன்மேல் வானம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாற்போல. அழகான படம்தான், ஆனால் உள்ளே போக வழியில்லை. ஏற்கெனவே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொரு சுவரைக் கொடுக்கப் பார்த்தேன். ஒதுக்கிவைத்தேன்.

அன்றைக்கே எனக்கு என்ன வேண்டும் என்று தீர்மானமாகிவிட்டது. மறுநாள், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, மையத்தின் நாற்காலியில் சாய்ந்து தரையிலிருந்து என் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்தேன். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கேமராவும் அந்த உயரத்தில்தான் இருக்கவேண்டும். படத்தில் உள்ள தொடுவானம் சுவரில் அதே உயரத்தில் வரும்படி மாட்டவேண்டும். அப்படிச் செய்தால் சாய்ந்திருப்பவருக்குச் சுவர் திறந்துகொள்ளும். படத்தின் அடிப்பகுதி தரைக்குப் பக்கத்தில், அவர் கால் நீட்டியிருக்கும் இடத்திலிருந்து தொடங்கவேண்டும். அங்கிருந்து கண் நடந்துபோக ஏதாவது வேண்டும், போகிற வழியில் தங்கிப் பார்க்க நாலு இடம் வேண்டும்.

வியாழக்கிழமை மூவார். போகும் வழியெல்லாம் சாலையின் இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். சேகரன் எந்த வளைவில் எந்த லோரி கவிழ்ந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூவாரில் காலையிலேயே சத்தே சாப்பிடுகிறார்கள். ஈர்க்குச்சியில் கோத்துச் சுட்ட கோழியைக் கடலைக் குழம்பில் தோய்த்து, இட்லி சாப்பிடுகிற வேளையில். மீனை அரைத்து மிளகாயோடு ஓலையில் பொதிந்து சுட்ட ஓத்தா ஓத்தாவும் வாங்கித் தந்தார். "கொஞ்சம் தர்றீங்களா" என்று ஒரு விள்ளல் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் விழுங்காமல் இருந்தார்.

ஆற்றைப் பார்த்ததும் நான் நேரே கரை விளிம்புக்குப் போனேன். திருச்சிக்காரிக்கு ஆறு என்றால் பாதி வருடம் மணல். பாலத்தின் மேல் பஸ்ஸில் போகும்போது இந்த வருடம் தண்ணீர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு. மூவார் ஆற்றுக்கு அந்தக் கவலையே கிடையாது. கரை தளும்பப் பழுப்பாக, அவசரமில்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் வெளிச்சம் இல்லை. வானம் வெள்ளைத் தாள் ஒட்டியதுபோல மேகத்தால் மூடிக்கிடந்தது. நிழல் இல்லை, நிறம் இல்லை. மதியம்வரை காத்திருந்தும் மாறவில்லை. படகுத்துறையில் வலையை மடித்துக்கொண்டிருந்த ஒருவர் மலாயில் ஏதோ சொன்னார். சேகரன் மொழிபெயர்த்தார். "காலைல வரணுமாம். சூரியன் வர்றப்ப ஆத்து மேல பனி நிக்குமாம். அப்பத்தான் படம் எடுக்குறவங்க எல்லாம் வருவாங்களாம்."

எனக்குக் கண்முன்னால் தெரிந்தது. பொன் நிறப் பனி, அதற்குள் கரைந்த படகுகள்.

"இன்னிக்கு இங்கயே தங்கிடுவோம் மிஸ்," என்றார் சேகரன். "நல்ல ஹோட்டல் இருக்கு. காலைல எடுத்துட்டுக் கெளம்பலாம்."

"நாளைக்குக் காலைல உங்களுக்கு டயாலிசிஸ்."

"ஒரு நாள் தள்ளிப்போனா செத்தா போயிடுவேன்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். முகத்தில் ஒரு பள்ளிக்கூட லீவுச் சந்தோஷம் இருந்தது. ஒரு கணம் பனியும் சூரியனும் எனக்குள் வந்துபோனதை மறைப்பதற்கில்லை. இரண்டு நாளாக அவர் கணுக்கால் வீங்கியிருப்பதையும் நான் பார்த்திருந்தேன்.

"வேணாம் அண்ணே. சாயங்காலத்துக்குள்ள வீடு போயிடுவோம். எனக்கு ரெண்டு மணி நேரம் குடுங்க, இந்த வெளிச்சத்துலயே எடுக்குறேன்."

"நீங்களும் சிஸ்டர் மாதிரியே பேசுறீங்க," என்று சொல்லிவிட்டு அவர் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார்.

வெளிச்சம் கை கொடுக்காதபோது மிச்சமிருப்பது நிற்கிற இடமும் சட்டகத்தின் நான்கு ஓரங்களும்தான். அது போதும் என்று எனக்குத் தெரியும். படகுத்துறையை மேலும் கீழும் நடந்து பார்த்தேன். நின்று பார்த்தால் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கும்பலாகத் தெரிந்தன. ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் கேமரா பையை வைத்துச் சாய்ந்து, காலை நீட்டினேன். மையத்து நாற்காலியின் உயரத்தை அப்படித்தான் கொண்டுவர முடிந்தது. இடது பக்கம் கொஞ்சம் நகர்ந்தேன். படகுகள் பிரிந்தன. முதல் படகுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு கீற்றுத் தண்ணீர், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இன்னொன்று.

அதே நிலையில் கண்ணை இடுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தேன். வலைக்காரர் ஓடிவந்தார். கையில் தண்ணீர் போத்தல். சேகரனும் காரிலிருந்து இறங்கி வேகமாக வந்துவிட்டார். நான் மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். சேகரன் விளக்கினார். வலைக்காரர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிப் போனார்.

"என்ன சொல்றாரு?"

"இந்தியாவுல நிக்க எடம் இல்லயான்னு கேக்குறாரு."

சேகரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போய்விட்டது. வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குச் சொன்னேன். சட்டகத்தின் கீழ் இடது மூலையிலிருந்து துறையின் ஈரப் பலகைகள் சாய்வாக உள்ளே போகின்றன. அங்கே கட்டிய கயிறு தொய்ந்து முதல் படகுக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது. கடைசிப் படகைத் தாண்டினால் ஆறு திரும்புகிறது, அக்கரையில் மரங்கள். வெள்ளை வானத்தால் ஒரு பயனும் இல்லை, அதனால் மேலே ஒரு கீற்று மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடுகிறேன். படத்தில் பெரும்பகுதி பலகையும் தண்ணீரும்தான்.

"அப்ப முழுப் படமும் கீழதான் இருக்கு," என்றார்.

"ஆமா. நீங்க கீழ இருந்துதானே பாக்குறீங்க."

திரும்பும் வழியில், ஆயர் ஈத்தாமுக்குக் கொஞ்சம் முன்னால் டயர் பஞ்சர். "ஸ்டெப்னி இருக்கா?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "ஸ்பேர் டயரா? இருக்கு, ஆனா இந்தக் கையால முடியாதே," என்றார். நான் சுடிதார் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டேன். அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, ஜாக்கி வைத்தது, நட்டைக் கழற்றியது, சக்கரம் மாற்றியது எல்லாம் நான்தான். போகிற வண்டிகள் வேகம் குறைத்து, இந்தப் பெரிய மனிதர் ஒரு பெண்ணை வேலை வாங்குவதைப் பார்த்துவிட்டுப் போயின. அவர் வெட்கத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் தன் கைத்தழும்பைத் தூக்கிக் காட்டினார்.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எதிரே பார்த்தேன். சாலையிலிருந்து பிரிந்து செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் ஒரு செம்மண் பாதை, கொஞ்ச தூரம் போய் வலது பக்கம் வளைந்து மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "இங்க மறுபடியும் வரணும் அண்ணே," என்றேன்.

வெள்ளிக்கிழமை மையத்துக்குப் போய் மூவார் படத்தை மடிக்கணினியில் காட்டினேன். ஜெசிந்தா முகம் சுருங்கியது.

"தண்ணியா? வாணி, இவங்க எல்லாரும் நாக்கு வறண்டு உக்காந்திருக்காங்க. இதப் போயி எதுர்ல மாட்டினா எப்படி?"

எனக்கு அது தோன்றவேயில்லை. கண்ணை மூடியிருந்த புஷ்பம் அக்கா பேசினார்.

"குடிக்கத்தான் கூடாதுன்னீங்க சிஸ்டர். பாக்கவும் கூடாதா?"

ஜெசிந்தா மடிக்கணினியை வாங்கி அக்காவின் மடியில் வைத்தாள். அவர் ஊசி குத்தாத கையால் திரையைத் தொட்டு, பலகையில் தொடங்கிக் கயிறு, படகு, படகு என்று விரலை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். நான் ஆற்றங்கரையில் நினைத்த அதே வழியில் அந்த விரல் போனது. அப்போது எனக்கு உண்டான கர்வத்துக்கு எந்தப் பரிசும் ஈடாகாது.

அதே வேளையில் சேகரன் தாதியைக் கூப்பிட்டார். கால் இழுக்கிறது, போதும். வழக்கமான நேரம். குழாய்களைக் கழற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. மூவாரின் காலை வெளிச்சத்தை விட்டுவிட்டு வந்தது இதற்குத்தானா என்று எனக்குக் கோபம் வந்தது. ஜெசிந்தா என் தோளைத் தட்டினாள். "மூணு மணி நேரமாவது உக்காந்தாரு. நீ அங்க தங்கியிருந்தா அதுவும் இல்ல," என்றாள்.

சனிக்கிழமை காலை எதுவும் நடக்காததுபோல வாசலில் கார் நின்றது. செம்மண் பாதைக்குப் போனோம். முந்தின நாள் மழையில் சக்கரத் தடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. பாதையின் நடுவில் நின்று நேராக ஒன்று எடுத்தேன். இருபுறமும் ஒரே சீராக மரங்கள், நடுவில் கோடு கிழித்ததுபோலப் பாதை. சேகரனுக்கு அதுதான் பிடித்தது.

"இதான் ரோடு."

"இதுல கண்ணு ஒரே ஓட்டமா கடைசிக்குப் போயிடும் அண்ணே. அப்புறம் பாக்க ஒண்ணும் இருக்காது."

வளைவுக்குப் பக்கமாகப் போய், பாதையோரக் கால்வாய்க் கரையில் கேமரா முக்காலியைத் தாழ்த்தி வைத்தேன். முன்னால் விழுந்து கிடந்த ஒரு செம்பனை மட்டை, அடுத்து வானம் தெரியும் குட்டைத் தண்ணீர், பிறகு இடது மூலையிலிருந்து வந்து வலது பக்கம் திரும்பும் பாதை. திரும்பும் இடத்தில் மரங்களுக்கு நடுவே வெயில் விழுந்திருந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"வளைவுக்கு அந்தாண்ட என்ன இருக்குன்னே தெரியலயே," என்றார்.

"தெரியாம இருக்கத்தான் இங்க வச்சேன்."

அவர் அதை யோசித்துக்கொண்டு காரில் சாய்ந்து நின்றார். சற்று நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னார். "லோரியிலயும் உக்காந்தேதான் இருந்தேன் மிஸ். வடக்க கிளந்தான் வரைக்கும் போவேன். காலு இழுக்கும், முதுகு வலிக்கும், எல்லாம் இருந்துச்சு. ஆனா முன்னால ரோடு வந்துக்கிட்டே இருக்கும். இங்க மூணு மணி நேரம் உக்காந்தாலும் ஒண்ணும் வர மாட்டேங்குது. அதான் எந்திரிச்சிடுறேன். கால் வலி எல்லாம் சும்மா."

நான் புத்தி சொல்லவில்லை. அதை அவருக்குச் சொல்ல ஒரு மையமே இருந்தது. வெயில் நகர்வதற்குள் இன்னும் சில படங்கள் எடுத்தேன்.

அச்சுக்கடையில் பெரிதாக எடுத்துச் சட்டம் போட்டு முடிக்க அடுத்த வார இறுதி ஆகிவிட்டது. மையம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். கடையிலிருந்து வந்த சீனர் படத்தின் அடி ஓரத்துக்குத் தரைக்கு ஒரு சாண் மேலே நான் கோடு போட்டதைப் பார்த்து, அளவை மாற்றி எழுதிவிட்டேன் என்றே நினைத்தார். உதை படும், துடைப்பம் படும் என்றார். அவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தேன். பார்த்துவிட்டுப் போய்த் துளைபோடும் இயந்திரத்தை எடுத்துவந்தார்.

"மூணு படம் கேட்டேன்ல?" என்றாள் ஜெசிந்தா.

"ரெண்டு போதும். நடுவுல சுவர் சும்மா இருக்கட்டும். கண்ணுக்கும் ஓய்வு வேணும்."

திங்கட்கிழமை எனக்கு விமானம். காலையில் மையத்துக்குப் போய்ப் பின்பக்கம், மருந்து மேசைக்கு அருகில் நின்றுகொண்டேன். ஒவ்வொருவராக வந்து சாய்ந்தார்கள். முதல் அரைமணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் யாரும் கண்ணை மூடவும் இல்லை.

புஷ்பம் அக்காதான் தொடங்கினார். "தண்ணி எறங்குதுல்ல அண்ணே? கட்டையில ஈரம் மேல வரைக்கும் இருக்கே."

"ஏறுது," என்றார் சேகரன். "படகு மூக்கு பாருங்க, எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு. கடல் தண்ணி உள்ள வந்தாத்தான் அப்படித் திரும்பும்."

"கயிறு தொங்குதே. எறங்குற தண்ணின்னா இழுத்துக்கிட்டு இருக்கும்ல," என்றார் மூன்றாவது நாற்காலிக்காரர்.

"அதத்தானே நானும் சொல்றேன், ஏறுதுன்னு."

இது வெகுநேரம் நடந்தது. பிறகு செம்மண் பாதைக்குப் போனார்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் கோயில் இருக்கும் என்றார் புஷ்பம் அக்கா, அவர் பிறந்த தோட்டத்தில் அப்படித்தானாம். கடைசி நாற்காலியில் இருந்த சீன அம்மா மலாயில் குறுக்கிட்டார். டுரியான் பழக் கடை என்றாராம், எல்லாரும் சிரித்தார்கள். "அண்ணே, நீங்க போன எடம்தானே, சொல்லுங்க," என்றார் அக்கா.

"நாங்களும் வளைவு தாண்டிப் போகல," என்றார் சேகரன். பொய் இல்லை. நாங்கள் போகவில்லைதான். "இந்த மண்ணு நெறத்தப் பாத்தா அந்தாண்ட ஒரு எறக்கம் இருக்கணும். எறக்கம் இருந்தா கீழ ஒரு பாலம் இருக்கும். சின்னது, லோரி போகாது." அவருடைய வலது கை மடியில், ஸ்டியரிங் பிடிப்பதுபோல லேசாக மடங்கியிருந்தது.

ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து நின்று, சுவர்க்கடிகாரத்தைக் கண்ணால் காட்டினாள். அவர் வழக்கமாகத் தாதியைக் கூப்பிடும் நேரம் தாண்டி வெகுநேரமாகியிருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள்தான்," என்றாள் மிக மெதுவாக. "புதன்கிழமை என்ன செய்வாருன்னு தெரியாது."

"தெரியாதுதான்," என்றேன்.

எனக்கும் நேரமாகிவிட்டது. கீழே வாடகைக் கார் காத்திருந்தது. சேகரனிடம் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பவேண்டும் என்று இரண்டடி வைத்தேன். அவர் அந்தச் சின்னப் பாலத்தைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். நான் போய் நின்றால் மணி என்ன என்று கேட்பார். ஜெசிந்தாவின் கையை மட்டும் அழுத்திவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு படியிறங்கினேன்.